நாணல்மடுவை அளந்த நாரை

அகலமான ஓர் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு காடு. அங்கே வேங்கைராசா என்றொரு புலி ஆண்டுகொண்டிருந்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஒரு நாள் நடையில், நாணல்மடு என்றொரு பெரிய நீர்நிலை. அங்கே ராசாவும் கிடையாது, படையும் கிடையாது. எருமைகளும் ஆமைகளும் தவளைகளும் அவை பாட்டுக்கு வாழ்ந்துகொண்டிருந்தன.

வேங்கைராசா தன் காட்டு மான்களை எல்லாம் தின்று தீர்த்துவிட்டான். நாணல்மடுவில் எருமைக் கன்றுகள் கொழுத்துத் திரிகின்றன என்று யாரோ சொல்ல, அவனுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. உடனே செந்நாய்ப் படையைத் திரட்டினான். கூடவே இன்னும் இரண்டு பேரை அழைத்து வரச் சொன்னான்.

அந்த இரண்டு பேரை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

ஒருவர் நெடுங்காலனார் என்ற நாரை. எந்தத் தண்ணீரிலும் இறங்கி நின்று ஆழம் அளந்து ஓலையில் எழுதிவிடுவார். பெரிய படிப்பாளி. இன்னொருவர் செதிலப்பன் என்ற அழுங்கு, அதுதான் எறும்புதின்னி. உடம்பு முழுக்கச் செதில், கை முழுக்க நகம். மண்ணைத் தோண்டுவதிலும் பாதை போடுவதிலும் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. காட்டில் எல்லோரும் அவரை இன்ஜினியர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சண்டைக்குப் போகிற இடத்தில் இவர்கள் எதற்கு ராசா?" என்று செந்நாய்த் தலைவன் கேட்டான்.

"அட மக்குப்பயலே! நீ முதலில் போனால் எருமைகள் கொம்பைத் தூக்கும். இவர்கள் முதலில் போனால் 'வாங்க, உட்காருங்க' என்று சொல்லும்!"

இதை அந்த இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சொன்னான். அவர்கள் என்ன செவிடா? நன்றாகவே கேட்டது. நாரை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அரசே, எமக்கு அரசியல் தெரியாது. இதுவரை யாருமே அளக்காத நீர்நிலை! அதை அளக்கும் பேறு கிடைத்ததே, அதுவே போதும்!"

"எனக்கும் அப்படித்தான். புது மண் என்றால் கை துறுதுறுக்கிறது!" என்றார் இன்ஜினியர்.

இரண்டு பேரும் ஆற்றைக் கடந்து நாணல்மடுவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

கரையில் அவர்களை முதலில் பார்த்தது அஞ்சலை என்ற ஆமை. நல்ல வெயிலில் வந்திருக்கிறார்களே என்று பதறிப்போனாள்.

"அடடா, எங்கிருந்து வர்றீங்க? நிழல்ல உக்காருங்க. முதல்ல ரெண்டு வாய் தண்ணி குடிங்க!"

"யாம் கல்வியாளர்கள், அம்மையே. உங்கள் மடுவைப் பற்றி நூல் எழுத வந்திருக்கிறோம்" என்றார் நாரை.

"எங்க மடுவைப் பத்தியா? நூலா?" அஞ்சலைக்குப் பெருமை பிடிபடவில்லை. ஊர் முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டாள்.

பிறகு என்ன? ஊரே உபசாரம் செய்தது. தவளைகள் புழுவும் பூச்சியும் கொண்டுவந்து கொடுத்தன. இன்ஜினியருக்கு நல்ல கறையான் புற்றாகப் பார்த்துக் காட்டினார்கள். எங்கே சேறு, எங்கே கல், எருமைகள் எந்த வேளையில் தண்ணீருக்கு வரும் என்று நாரை கேட்கக் கேட்க, எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். அவர் எழுதிக்கொண்டே இருந்தார். வெள்ளை மனசுக்காரர்கள், பாவம்!

ஒருநாள் மாலையில் நாரை ஒன்றைக் கவனித்தார். எருமைகள் தண்ணீர் குடிக்க வந்தன. கிழக்குப் பக்கம் அருமையான மணல்திட்டு, நேராக இறங்கினால் பத்தே எட்டில் தண்ணீர். ஆனால் ஒரு எருமைகூட அந்தப் பக்கம் போகவில்லை. மடுவைச் சுற்றி, முள்ளில் மிதித்து, மேற்குக் கரை வழியாகவே இறங்கின.

"அம்மையே, அந்த மணல்திட்டில் ஏன் எவரும் நடப்பதில்லை?"

"அங்க நாங்க முட்டை வச்சிருக்கோங்க. பொரியற வரைக்கும் யாரும் அந்தப் பக்கம் காலு வைக்க மாட்டாங்க. திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. எங்க ஊரு வழக்கம் அது. போன வருசமும் அதுக்கு முந்தின வருசமும் எனக்கு ஒரு குஞ்சுகூடத் தங்கல. இந்த வருசம் இருபத்தேழு முட்டை! இன்னும் அஞ்சு நாள்தான். அப்புறம் பாருங்க, மடு முழுக்க என் பிள்ளைங்கதான்!"

"ஆகா! எவ்வளவு உயர்ந்த வழக்கம்!" என்று நாரை தலையை ஆட்டினார். கண்கூடக் கலங்கியது. கலங்கிய கண்ணோடு என்ன எழுதினார் தெரியுமா?

'கிழக்குத் திட்டு. தண்ணீர் முழங்கால் அளவு. காவல் கிடையாது. இந்தக் காலத்தில் எவரும் அந்தத் திசையில் பார்ப்பதுகூட இல்லை.'

இன்ஜினியர் போய் மணலை ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். கரையோரம் முழுக்க நாணல் அடர்ந்து நின்றது. "மண் கெட்டியாக இருக்கிறது. நாணலைப் பிடுங்கி மேலே பரப்பினால் இருநூறு பேர் ஓடலாம்" என்றார். நாரை அதையும் எழுதிக்கொண்டார். பிறகு ஓலையின் மூலையில், எறும்பு எழுத்தில், 'குறிப்பு: திட்டில் ஆமை முட்டைகள் உள்ளன' என்று ஒரு வரி சேர்த்தார். அதைச் சேர்த்ததும் அவருக்கு மனசு நிம்மதியாகிவிட்டது.

அன்றைக்கே பறந்துபோய் ஓலையை வேங்கைராசாவிடம் கொடுத்தார்.

இதுவரை 'அவர், இவர்' என்று மரியாதை கொடுத்துச் சொல்லிக்கொண்டு வந்தேன். இனிமேல் என்னால் முடியாது.

மூன்றாம் நாள் விடியற்காலை. கிழக்குத் திட்டில் ஏதோ சரசரவென்று சத்தம் கேட்டு அஞ்சலை தலையை நீட்டினாள். இன்ஜினியர் செதிலப்பன் நாணலைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கி மணலில் பரப்பிக்கொண்டிருந்தான். மேடான இடத்தைத் தோண்டிப் பள்ளத்தில் தள்ளிக்கொண்டிருந்தான். அவன் நகத்தில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தது.

அஞ்சலை அலறிக்கொண்டு ஊர்ந்தாள்.

"அய்யோ! நிறுத்துங்க! அது என் முட்டை! உங்ககிட்டச் சொன்னேனே! என் வாயாலேயே சொன்னேனே!"

செதிலப்பன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "என் வேலை பாதை போடுவதம்மா. எங்கே போடணும் என்று ஓலையில் இருக்கிறது. போய் அவரைக் கேள்!"

பக்கத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்த நாரையிடம் திரும்பினாள்.

"ஐயா! நீங்களாவது சொல்லுங்கய்யா!"

"அம்மையே, என் வேலை அளப்பது. முட்டைகள் இருப்பதை நான் மறைக்கவில்லை. மூலையில் தெளிவாகக் குறித்திருக்கிறேன். அரசர் படிக்கவில்லை என்றால் நான் என்ன செய்வது?"

"மூலையிலயா எழுதினே? என் இருபத்தேழு பிள்ளைங்களையும் மூலையிலயா எழுதினே, பாவி!"

அவள் கேட்டு முடிப்பதற்குள் செந்நாய்கள் வந்துவிட்டன. இருநூறு செந்நாய்கள், எண்ணூறு கால்கள். பாதை மேல் ஓடின. எருமைகள் வழக்கப்படி கிழக்கே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. ஆமைக் குஞ்சுகள் பத்திரமாகப் பொரியட்டும் என்று அவை காட்டிய முதுகு அது! அந்த முதுகின் மேல்தான் பாய்ந்தன. கன்றுகள் செத்தன. மற்ற எருமைகள் மேற்கே ஓடிப்போயின. அஞ்சலை மணலைத் தோண்டித் தோண்டிப் பார்த்தாள். ஒரு முட்டைகூட முழுசாக இல்லை.

வேங்கைராசா கிழக்குத் திட்டிலேயே கூடாரம் போட்டான். "பாதை போட்டிருந்தது, நடந்தேன். இதில் என் தப்பு என்ன?" என்று ஏப்பம் விட்டான்.

நாரைக்கு வெட்கம் வந்ததா என்று கேட்காதீர்கள். அதெல்லாம் வரவில்லை. மறுநாளே ஓலையைத் தூக்கிக்கொண்டு தவளைகளிடம் போனான்.

"இங்கே மழை எப்போது தொடங்கும்? வெள்ளம் எதுவரை ஏறும்? நூலில் அந்தப் பகுதி மட்டும் பாக்கி இருக்கிறது."

"தெரியாது" என்றன தவளைகள்.

நத்தைகளைக் கேட்டான். "தெரியாது."

அஞ்சலையையே கேட்டான். எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள்! அவள் ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டாள்.

நாரை உச்சுக்கொட்டிவிட்டு எழுதினான்: 'இவ்வூரார் அறிவில்லாதவர்கள். தங்கள் மடுவைப் பற்றித் தங்களுக்கே ஒன்றும் தெரியவில்லை.'

பத்து நாள் கழிந்தது. காற்று திசை மாறியது. நாணல்மடுவில் பிறந்தவர்களுக்கு அது போதும். தவளையும் நத்தையும் சத்தம் போடாமல் மேற்கு மேட்டுக்கு ஏறிவிட்டன. யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

மேகம் கறுத்ததைப் பார்த்து வேங்கைராசா, "இன்ஜினியர்! இந்தத் திட்டு தாங்குமா?" என்று கேட்டான்.

"நானே கையில் அள்ளிப் பார்த்தேன் ராசா. கல் மாதிரி கெட்டி!" என்றான் செதிலப்பன்.

அவன் பார்த்தபோது நாணல் இருந்தது. அந்த வேர்தான் மணலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கியவன் அவன்தான். மண்ணைப் பற்றி அத்தனை படித்தவனுக்கு, தான் பிடுங்கியது என்ன என்று மட்டும் தெரியவில்லை!

மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் மத்தியானம் மேட்டு ஓடைகளிலிருந்து வெள்ளம் இறங்கி வந்து திட்டில் மோதியது. திட்டு அப்படியே கரைந்து சரிந்தது. கூடாரம் போயிற்று. செந்நாய்கள் உருண்டன. வேங்கைராசா முக்குளித்து, தண்ணீர் குடித்து, எப்படியோ ஒரு கரையைப் பிடித்தான். பிடித்தவன் திரும்பிப் பார்க்காமல் தன் காட்டுக்கே ஓடினான். செதிலப்பன் பந்தாகச் சுருண்டுகொண்டான். எந்த ஆபத்துக்கும் அதுதான் அவன் வித்தை. பந்தாகவே உருண்டு வெள்ளத்தோடு போய்விட்டான்.

நாரைக்குச் சிறகு இருக்கிறதே! அவன் மட்டும் நனையாமல் மேலே ஏறி ஒரு மரத்தில் உட்கார்ந்துகொண்டான். அப்போதுதான் பார்த்தான். அவன் ஓலைக்கட்டு வெள்ளத்தில் சுழன்றுகொண்டிருந்தது. அந்த ஆழத்தில் அவனால் இறங்க முடியாது. பக்கத்தில் அஞ்சலை நீந்திக்கொண்டிருந்தாள்.

"அம்மையே! அந்தக் கட்டைப் பிடி! என் வாழ்நாள் உழைப்பு! அதில் முப்பது நீர்நிலைகளின் ஆழம் இருக்கிறது!"

அஞ்சலை நீந்திப்போய் ஓலைக்கட்டைப் பல்லில்லாத வாயால் கவ்விக்கொண்டாள். நாரை மகிழ்ச்சியில் சிறகடித்தான். அவள் அதைக் கொண்டுபோய் மிதந்த ஒரு மரத்துண்டில் வைத்து, மேலே காலை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"முப்பது ஊரா? மத்த இருபத்தொன்பது ஊரும் இப்ப எப்படி இருக்கு?"

நாரை அலகைத் திருப்பிக்கொண்டு இறகைக் கோதினான்.

"உன்னைத்தான் கேக்கறேன்! அங்கேயும் உனக்குப் பின்னாடி புலி போச்சா?"

"நான்... நான் எவரையும் கொன்றதில்லை, அம்மையே! ஒரு முட்டையைக்கூட மிதித்ததில்லை! பறித்துவிடாதே, அது அறிவு!"

"அறிவா இது? என் பிள்ளைங்க எங்க கிடக்குதுன்னு புலிக்குக் காட்டின விரல்டா இது!"

அஞ்சலை ஓலைக்கட்டைக் கவ்விக்கொண்டு முங்கினாள். மடுவின் அடிச்சேற்றில் அதை அழுத்தி, ஒவ்வொரு ஓலையாகக் கிழித்தாள். அவள் மேலே வரும்வரை நாரை மரத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். முட்டைகள் உடைந்த அன்றைக்கு அந்தக் கண்ணில் ஒரு சொட்டு வந்திருந்தால், நான் அவனுக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டிருப்பேன்.

எருமைகள் திரும்பி வந்தன. அஞ்சலை அடுத்த பருவத்தில் வேறு கரையில் முட்டையிட்டாள். இருபத்திரண்டு. அவை பொரிந்தன. ஆனால் உடைந்த இருபத்தேழு உடைந்ததுதான். அவற்றுக்கு ஈடு கிடையாது.

இன்றைக்கும் யாராவது ஓலையோடு நாணல்மடுவுக்கு வந்தால் நிழலும் தண்ணீரும் கொடுக்கிறார்கள். ஆனால் அவர் முதல் கேள்வியைக் கேட்பதற்கு முன்னால் அஞ்சலை ஒன்று கேட்கிறாள்.

"உங்களை அனுப்பினது யாரு?"

நீதி: கொல்ல வருகிறவனுக்கு முன்னால் நடந்து வழியை அளந்து கொடுத்தவன், தன் கையில் ரத்தம் படவில்லை என்று எத்தனை முறை சொன்னாலும், அவனும் அந்தக் கொலைகாரனே.