இந்தா

பெருந்துறையில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குரு சுகுணாவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடர் சென்னியப்பனுக்கு ஐம்பத்தேழு. டிவி மெக்கானிக்காக இருந்தவர், புதுத் தொழில் கற்க ஆசைப்பட்டு வந்து சேர்ந்தார். குரு ஸ்கூட்டர் ஓட்டுவார். சீடர் கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்காருவார். ஊர் சிரித்தது. சிரிக்கட்டும், ஊருக்கு வேறு என்ன வேலை.

தொழில் இதுதான். வீட்டில் இருக்கும் லைட், ஃபேன், மோட்டார் எல்லாவற்றையும் ஹப் என்ற சின்னப் பெட்டியோடு இணைப்பார்கள். அப்புறம் வாயால் சொன்னால் போதும், பெட்டி கேட்டு நடத்தி வைக்கும்.

ஒரு நாள் நாச்சிமுத்து வீட்டுக்குப் போனார்கள். நாச்சிமுத்து மஞ்சள் மண்டியில் ஏலம் கூறியவர். அவர் குரல் எழுந்தால் மண்டியே திரும்பிப் பார்க்கும். பக்கவாதம் வந்து அவருடைய வலது கையையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. ஒரே ஒரு சொல்தான் மிச்சம்.

"இந்தா."

மனைவி தனபாக்கியத்தை அவர் கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டார். பேர் சொன்னதே கிடையாது.

அந்த ஹப்பை பெங்களூரில் இருக்கும் மகள் வாங்கி அனுப்பியிருந்தாள். படுத்த இடத்திலிருந்தே அப்பா லைட் போட்டுக்கொள்ளட்டும் என்பது அவள் ஆசை. ஆனால் பெட்டிக்கு "லைட் போடு" என்று சொல்ல வேண்டும். நாச்சிமுத்து வாயைத் திறந்தால் "இந்தா" தான் வந்தது. பெட்டி ஒவ்வொரு முறையும் "மன்னிக்கவும், புரியவில்லை" என்றது. நான்காவது முறை அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சென்னியப்பனுக்கு மனசு கேட்கவில்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, கெஞ்சிக் கொஞ்சி, அந்த "இந்தா"வை நாற்பது முறை சொல்லவைத்துப் பதிவு செய்தார். பெட்டியின் செட்டிங்கில் அந்தச் சொல்லுக்கு லைட்டைச் சேர்த்துவிட்டார்.

"இந்தா" என்றார் நாச்சிமுத்து.

டியூப் லைட் எரிந்தது. படுக்கையில் விழுந்து ஏழு மாதம் கழித்து அவர் சிரித்தார். தனபாக்கியம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சீடர் பெருமையோடு குருவைப் பார்த்தார். குருவுக்கும் அன்றைக்குச் சந்தோஷம்தான். அதை ஒளிப்பானேன்.

மூன்று வாரம் கழித்து தனபாக்கியம் போன் செய்தார். "பட்டப்பகல்ல லைட் எரியுதுங்க. வந்து பாருங்க."

போனார்கள். நாச்சிமுத்து தூங்கிக்கொண்டிருந்தார். தனபாக்கியத்தின் முகம் வாடியிருந்தது.

"லைட் மட்டுந்தானுங்களா தொந்தரவு?" என்று கேட்டார் சுகுணா.

தனபாக்கியம் கட்டில் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவரு இப்பல்லாம் பெட்டிகிட்டத்தான் பேசறாருங். என்னையக் கூப்புடறதே இல்லை. எம்மேல ஏதாச்சும் கோவமா இருக்குமுங்களா?"

"சேச்சே, அதெல்லாம் இருக்காதுங்" என்று சென்னியப்பன் அவசரமாகச் சொன்னார். தனபாக்கியம் அடுப்படிக்குப் போனதும் குருவிடம் கேட்டார். "பெட்டி ஒழுங்காத்தான் வேலை செய்யுது. அப்பறம் எதுக்கு அம்மிணி இவங்க மொகம் இப்படிக் கெடக்குது?"

சுகுணா போனில் ஹிஸ்டரியைத் திறந்து அவரிடம் நீட்டினார். பெட்டி எப்போது என்ன கேட்டது என்று அதில் வரிசையாக இருக்கும். சென்னியப்பன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"தெனமும் சாயங்காலம் நாலு மணிக்கு மேல. மொத வாரம் தெனம் நாலஞ்சு தடவை சொல்லியிருக்காருங். போன வாரம் ரெண்டு தடவை. நேத்து ஒரே ஒரு தடவை."

"அப்பறம்?"

"அவ்வளவுதான். நாலு மணிக்கு இந்த ரூம்ல வெயில் அடிக்குமே. லைட் எதுக்கு இவருக்கு? பெட்டி தப்பாக் கேக்குதா?"

"பெட்டி சரியாத்தான் கேட்டிருக்குதுங்கண்ணா."

"அப்ப தப்பு யாருது?"

"நாலு மணி வரைக்கும் இருக்கலாமுங்" என்றார் சுகுணா. பிறகு எழுந்து போய் ஹப்பின் வயரைப் பிடுங்கினார். சென்னியப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். குரு வேண்டாம் என்று தலையசைத்தார்.

நான்கு மணிக்கு நாச்சிமுத்து விழித்தார். தனபாக்கியம் அவரைத் தூக்கி உட்காரவைத்து, டீயும் பேக்கரியில் வாங்கிய தேங்காய் பன்னும் கொண்டுவந்து வைத்தார். வந்தவர்களுக்கும் டீ கொடுத்தார். தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை. ஜன்னல் பக்கம் நின்று துணி மடிக்கத் தொடங்கினார்.

நாச்சிமுத்து இடது கையால் மெதுவாகத் தின்றார். பாதி தின்று நிறுத்தினார். ரொம்ப நேரம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்வதா வேண்டாமா என்று அவர் யோசித்தது சென்னியப்பனுக்கே தெரிந்தது.

"இந்தா" என்றார் கடைசியில்.

தனபாக்கியம் பழக்கத்தில் அண்ணாந்து டியூப் லைட்டைப் பார்த்தார். அணைக்கக் கையும் சுவிட்சுக்குப் போனது. லைட் எரியவில்லை. பெட்டியைப் பார்த்தார். அதுவும் சும்மா கிடந்தது. அதன் பிறகுதான் கணவர் பக்கம் திரும்பினார்.

நாச்சிமுத்துவின் இடது கை நீண்டிருந்தது. அதில் பாதி பன். தேங்காய்த் துருவல் போர்வையில் உதிர்ந்துகொண்டிருந்தது.

"எனக்குங்களா?"

"இந்தா."

தனபாக்கியம் மடித்த துணியைப் போட்டுவிட்டு வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கட்டிலிலேயே உட்கார்ந்தார்.

"தெனமும் பாதியை எனக்குத்தான் வெச்சீங்களா? அய்யோ, நான் பாவி, பசி கொறைஞ்சு போச்சுன்னு டாக்டர்கிட்டயே சொல்லிட்டனே. எல்லாத்தையும் காக்காய்க்குப் போட்டனே."

நாச்சிமுத்து சிரித்தார். லைட் எரிந்த அன்று சிரித்த சிரிப்பு இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. தனபாக்கியம் அழுதுகொண்டே பன்னைத் தின்றார். "இந்தா, இந்தா" என்று நாச்சிமுத்து தட்டில் கிடந்த துணுக்கையும் தள்ளிவிட்டார்.

சென்னியப்பனால் அங்கே நிற்க முடியவில்லை. வாசலுக்குப் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார். அவர் நல்லது நினைத்துத்தான் செய்தார். அதனால்தான் அவ்வளவு வலித்தது.

அவர் திரும்பி வந்தபோது, கட்டில் சட்டத்தில் இடது கை எட்டும் இடத்தில் குரு ஒரு பெரிய பொத்தானை ஒட்டிக்கொண்டிருந்தார். ஹப்பின் வயர் மறுபடி செருகியிருந்தது. நாச்சிமுத்து பொத்தானை அமுக்கினார். லைட் எரிந்தது. இன்னொரு தரம் அமுக்கினார். அணைந்தது.

"அண்ணா, பழைய செட்டிங்கை நீங்களே எடுத்துருங்" என்றார் சுகுணா.

சென்னியப்பன் போனை வாங்கி, அந்தச் சொல்லுக்கு எதிரே இருந்த லைட்டை நீக்கினார். அந்த இடத்தைக் காலியாக விட்டுச் சேமிக்கப் பார்த்தார். செயலி விடவில்லை. ஒரு வேலையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிச் சிவப்பில் காட்டியது.

"சும்மா உட மாட்டீங்குதே அம்மிணி. சொல்லையே அழிக்கறதுக்கும் மனசு வல்லீங். நாப்பது தடவை சொன்னாரே பாவம். ஃபேனுக்கு மாத்தி வெக்கட்டுமா? வேற என்ன வேலை குடுக்கலாம் அதுக்கு?"

சுகுணா போனை வாங்கி அந்தச் சொல்லை அழித்தார்.

"'இந்தா'ன்னா யாராச்சும் வாங்கிக்கோணுமுங்கண்ணா" என்றார். "லைட்டுக்கும் ஃபேனுக்கும் கை இல்லை."