குருவின் புருவம்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம், கிளாஸைத் தொடும் முன்பே கோமளவல்லியைப் பிடித்துக்கொண்டது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவள். கலிபோர்னியாவில் ஒரு தமிழ் ஓட்டலில் நாலு வருடமாகப் பாத்திரம் கழுவுகிறாள். அவள் மூக்கின் கூர்மையைக் கண்டுபிடித்து, ஆறு மாதமாக ஒயின் ருசி பார்க்கக் கற்றுக்கொடுப்பவர் செல்வின். அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். ஆனாலும் குரு குருதானே.

மேசையில் மூன்று பாட்டில்கள், பெயர் தெரியாதபடி பழுப்புக் காகிதம் சுற்றி நின்றன. மூன்றும் அமெரிக்கச் சிவப்பு ஒயின். எதுவும் பன்னிரண்டு டாலரைத் தாண்டாது. ஓட்டலுக்கு எதை வாங்கலாம் என்று அவள் சொல்ல வேண்டும்.

முதலாளி புகழேந்தி போனும் கையுமாக வாசலில் நின்றார்.

"சரியாச் சொன்னா இன்னைலேர்ந்து ஒயின் பொறுப்பு உங்களுக்கு. சொதப்பினா பழையபடி சிங்க்தான். உப்புப் போட்டுச் சரிக்கட்ட இது ரசம் இல்லக்கா."

முதல் கிளாஸ். குருவும் அவளும் முகர்ந்தார்கள், வாயில் உருட்டினார்கள், வாளியில் துப்பினார்கள். கனிந்த நாவல்பழம், பின்னால் லேசாக மிளகு. வாயைத் திறக்கும் முன் குருவின் முகத்தைப் பார்த்தாள். புருவம் ஏறியிருந்தது.

"நல்லா இருக்கு."

செல்வின் தலையாட்டினார்.

இரண்டாவது கிளாஸ். குருவின் உதடு ஒரு பக்கம் கோணியது.

"துவர்ப்பு தூக்கல்."

அதற்கும் தலையாட்டினார்.

மூன்றாவதை மூக்கருகே கொண்டுபோனதுமே அவளுக்கு மூக்கு சுருங்கியது. மூடாமல் வைத்த நகப்பூச்சு வாடை, கெட்டுப்போன ஒயினில் வருவது. நிமிர்ந்தாள். குருவின் முகமெல்லாம் சிரிப்பு.

அவரே சிரிக்கிறார். என் மூக்கு எந்த மூலைக்கு?

"மூணுலயும் இதுதான் ஒசத்தி," என்றாள்.

"நாப்பது பெட்டி சொல்லிடவா?" புகழேந்தி போனைக் காதில் வைத்தார்.

"ஒரு நிமிஷம்," என்றார் செல்வின். "அக்கா, இதுல என்ன மணம் வருது?"

"நீங்கதான் சிரிச்சீங்களே, சார்."

"நான் மணம் கேட்டேன்."

அவள் கிளாஸை மேசையில் வைத்தாள்.

செல்வின் கைக்குட்டையை எடுத்துப் பலமாக மூக்கைச் சிந்தினார்.

"மூணு நாளா சளி. மல்லிப்பூவை மூக்குல வச்சுத் தேய்ச்சாலும் எனக்குத் தெரியாது."

"அப்போ அந்தப் புருவம்?"

"தும்மல் வந்தது. அடக்கினேன்."

"உதடு?"

"அதுவும் தும்மல்தான்."

"கூத்தாடிக் கூட்டமாய்யா இது?" என்றார் புகழேந்தி. "லைன்ல ஆள் நிக்கிறான்!"

கோமளவல்லி செல்வின் பக்கம் திரும்பினாள். "அப்ப... சிரிச்சது எதுக்கு, சார்?"

"உங்க மூக்கு சுருங்கினதைப் பார்த்தேன். என்னமோ கண்டுபிடிச்சுட்டீங்கன்னு சிரிச்சேன்."

அவள் எழுந்து, நாற்காலியைத் தூக்கிச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, இருவருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"போனை வைங்க முதலாளி. மூணாவதுல நகப்பூச்சு வாடை அடிக்குது. வேணாம்."

திரும்பாமலே, மறுபடி முதலிலிருந்து ருசி பார்க்க, முதல் கிளாஸுக்காகக் கையைப் பின்னால் நீட்டினாள்.