விசில் அடிக்காத குக்கர்

ஒரு வீட்டில் ஒரு குக்கர் இருந்தது. குக்கர் என்றால் விசில் அடிக்குமே என்கிறீர்களா? இது அடிக்காது. வாங்கி வந்த அன்று ஒரே ஒருதரம் வாயைத் திறந்தது, அவ்வளவுதான். அந்த வீட்டுப் பிள்ளை சிவநேசன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, தலையைச் சுவரில் மோதி மோதி அழுதான். ஐயோ, அந்த அழுகையைக் குக்கர் இன்றுவரை மறக்கவில்லை.

நேசனுக்கு ஆட்டிசம். பிள்ளை என்பதெல்லாம் பேச்சுக்குத்தான், மீசையில் நரை விழுந்தாயிற்று. அவன் அம்மா பங்கயம் அன்றைக்கே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். அடுப்பை ஒட்டக் குறைத்து வைத்து, கரண்டியும் கையுமாகப் பக்கத்திலேயே நிற்பாள். ஆவி முட்டி வெயிட் லேசாக ஆடும்போதே கரண்டிக் காம்பால் நெம்பிவிடுவாள். புஸ்ஸென்று ஆவி அடங்கும். கூடத்தில் நேசன் ஜன்னல் கம்பியைத் தடவியபடி, தன்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருப்பான்.

இதை அவள் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பாவம் என்பார்கள், அந்த வார்த்தையே அவளுக்கு ஆகாது. ஒட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஜோதிமணிக்குக்கூடத் தெரியாது.

வெளியூரில் இருக்கும் மகள் வடிவு போன் பண்ணும்போதெல்லாம் மன்றாடுவாள். "அம்மா, உனக்கப்புறம் அண்ணன யாரும்மா பாத்துக்கிறது? நீ என்னென்ன பண்றேன்னு எனக்காவது சொல்லிக்குடு. அவனுக்கும் நாலு வேலை பழக்கி விடு."

"வாயக் கழுவுடி. நான் என்ன இன்னிக்கேவா போயிடப் போறேன்? அப்புறம் பாத்துக்கலாம்."

அடுப்படியிலும் இதே பேச்சுதான் ஓடியது.

"கரண்டி அண்ணே, அந்தம்மா கை இல்லாத அன்னிக்கு நம்ம நேசன் கதி என்ன?" என்றது குக்கர்.

"ஏன், நான் இல்ல? இத்தனை வருஷமா உன் வாய அடக்கறது யாராம்?"

"உன்னத் தூக்கறது யாரு?"

கரண்டிக்குச் சுருக்கென்றது.

"நேசனுக்குச் சொல்லிக்குடுத்தா அவனே தூக்குவான் அண்ணே. கொல்லக் குழாய்ல டம்ளரக் கழுவி எவ்வளவு அழகா கவுத்து வைக்கிறான்!"

"பக்கத்துல வந்தா என்மேல கைய வச்சிருவான்னு அந்தம்மாவுக்குப் பயம். அடுப்படிக்குள்ளயே விட மாட்டேங்குதே," என்றது அடுப்பு.

"நல்ல பேச்சே வராதா உங்களுக்கு? அப்புறம் பாத்துக்கலாம் விடுங்க," என்று எரிந்து விழுந்தது கரண்டி. எந்தக் கையில் வளர்ந்த கரண்டி அது!

ஒருநாள் காலை. குக்கரில் துவரம்பருப்பு வெந்துகொண்டிருந்தது. பங்கயம் நெஞ்சைப் பிடித்தாள். "நேசா" என்று பாதி கூப்பிட்டாள், அப்படியே சரிந்தாள். கரண்டி உருண்டு அவள் கைமாட்டில் கிடந்தது.

"எம்மா, எந்திரி! ஆவி முட்டுதும்மா!" என்று குக்கர் பதறியது. பங்கயம் அசையவில்லை.

"அண்ணே, என்னால அடக்க முடியல. நான் கத்தினா நேசன் தாங்க மாட்டானே!"

"கத்துடா! இந்த வீட்டுல இத்தனை வருஷமா கேக்காத சத்தம். கேட்டா அக்கம்பக்கம் அடிச்சுப் பிடிச்சு ஓடி வரும். உசிரு பொழைக்கணும்னா கத்து!"

குக்கருக்கும் அது சரியென்றே பட்டது. நேசனை நினைத்துக் குமுறிக்கொண்டே வீறிட்டது.

கூடத்தில் நேசன் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் நெற்றியை மோதினான். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. பிறகு, பொத்திய கையோடு தள்ளாடித் தள்ளாடி அடுப்படிக்குள் வந்தான். அம்மாவைப் பார்த்தான். குக்கரைப் பார்த்தான். கரண்டியைப் பார்த்தான். அம்மா கையில் கரண்டி இருந்தால் சத்தம் வராது. அவனுக்கா தெரியாது? ஆயுசு பூராவும் கூடத்திலிருந்து அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தான்!

காதிலிருந்து ஒரு கையை எடுத்தான். கரண்டியை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தான். அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான். விட்டதும் விரல்கள் விரிந்தன, கரண்டி விழுந்தது.

"நீயே தூக்குடா கண்ணு, நீயே நெம்புடா," என்று கரண்டி கதறியது.

அவனுக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அது அம்மா கை செய்கிற வேலை. மறுபடியும் எடுத்து அம்மா கையிலேயே வைத்தான். மறுபடியும் விழுந்தது.

"யாராவது வாங்களேன்!" என்று குக்கர் மறுபடியும் வீறிட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஜோதிமணி அரிசி களைந்துகொண்டிருந்தாள். விசில் காதில் விழுந்ததும் புருஷனைப் பார்த்துச் சொன்னாள்.

"பாருங்க, பங்கயம் அக்கா அதுக்குள்ள பருப்பே வேக வச்சாச்சு. நான்தான் இன்னும் அரிசியோட நிக்கறேன்."