தானே இறைக்கும் ஏற்றம்

முன்னொரு காலத்தில் நெடுந்துறை நாட்டை விசயகண்டன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பாதி நாள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதிலேயே போய்விடும். மீதி நாளில், யார் புதிதாக என்ன செய்தார்கள், யார் யாரை முந்தினார்கள் என்ற தொழில் சேதிகளைக் கேட்பான். கேட்டதைச் சந்தைதோறும் தண்டோரா போடச் சொல்வான். உண்மையா என்று மட்டும் விசாரிக்கமாட்டான்.

அங்கே வடிவுடையாள் என்ற தச்சுக்காரி இருந்தாள். ஒற்றை மாடு சுற்றினால் கிணற்றுத் தண்ணீர் குடம் குடமாக மேலே வருகிற ஏற்றத்தைச் செய்து, அரண்மனைக் கிணற்றிலும் ஒன்று பூட்டியிருந்தாள். ராஜா அதைப் புகழ்ந்த அன்றே மந்திரி மார்த்தாண்டராயருக்கு வயிறு எரிந்தது. அடுத்த சந்தையில் தண்டோரா முழங்கியது: “ராயரின் புதிய ஏற்றம் வருகிறது! மாடு வேண்டாம், ஆள் வேண்டாம், தானே இறைக்கும்! அடுத்த மாதம்!”

அடுத்த மாதமும் அதே சேதி. அதற்கடுத்த மாதமும் அதே. வடிவிடம் ஏற்றம் கேட்டிருந்தவர்கள், “கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்மா” என்று நழுவினார்கள். பட்டறையில் எட்டுத் தச்சர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். வயல் பொறுக்குமா? கதிர் விடும் நேரத்தில் நெல் காய்ந்தது. இன்னும் இரண்டு வாரத்துக்குள் ஏற்றம் ஓடாவிட்டால் ஊருக்குச் சோறில்லை, பட்டறையும் மூடல்தான்.

வடிவு சபைக்குப் போனாள்.

“மகாராஜா, ஊருக்கெல்லாம் ராயர் ஏற்றம் வரப்போகிறது. அரண்மனையில் மட்டும் என் பழைய சாமான் கிடப்பது உங்களுக்குத்தானே குறைச்சல்? சனிக்கிழமை காலையில் கழற்றிக்கொள்கிறேன். ராயர் தம்முடையதைப் பூட்டட்டும்.”

“அடடே, இது எனக்குத் தோன்றவில்லையே! என்ன ராயரே?”

சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. இல்லையென்று சொல்ல ராயருக்கு வாய் வரவில்லை. “அதற்கென்ன மகாராஜா, பூட்டிவிடலாம்” என்றார். இவளாவது, அரண்மனைக் கிணற்றில் கை வைப்பதாவது என்று அவருக்கு ஓர் அலட்சியம்.

அவள் கழற்றிவிட்டாள்.

சனிக்கிழமை ராஜா உடம்பெல்லாம் நல்லெண்ணெயும் தலையில் சீயக்காயுமாக உட்கார்ந்து, “ஊற்றுங்கடா!” என்றான். சொட்டுத் தண்ணீர் இல்லை. சீயக்காய் கண்ணுக்குள் இறங்கியது.

“ஐயோ, கண்ணு! ராயரே, உம்ம ஏற்றம் எங்கேயய்யா?”

“அது... அடுத்த மாதம், மகாராஜா...”

“அதுவரைக்கும் நான் இப்படியே உட்கார்ந்திருக்கணுமா?”

ராயர் ராஜாவின் காலில் விழுந்தார். ஒரு மரத்துண்டுகூட அறுக்கவில்லை, வெறும் தண்டோரா மட்டும்தான் என்று உளறிவிட்டார். ராஜா அவர் கையிலேயே கயிற்றையும் தோண்டியையும் கொடுத்துத் தண்ணீர் சேந்தச் சொன்னான்.

குளித்து முடித்ததும் வடிவை வரவழைத்து, ஒரு தங்கக் காப்பை அவள் கையில் போட்டான். “கெட்டிக்காரி! இந்த மூளை வெளியே இருக்கக் கூடாது. உன் பட்டறை இன்றிலிருந்து அரண்மனைப் பட்டறை. எனக்குத் தவிர வேறு யாருக்கும் நீ ஏற்றம் செய்யக் கூடாது.”

“மகாராஜா, வயலெல்லாம் காய்கிறதே...”

“அதைப் பிறகு பார்ப்போம்” என்று தலையைத் துவட்டிக்கொண்டே போய்விட்டான்.

கிணற்றடியில் ராயர், கொப்புளித்த கையை ஊதிக்கொண்டு சிரித்தார். “நான் ஜனங்களை வாங்கவிடாமல்தான் பண்ணினேன், அம்மா. அவர் உன்னை விற்கவே விடாமல் பண்ணிட்டாரே!”

ராயர்மேல் இருந்த கோபமெல்லாம் வடிவுக்கு அப்போது சின்னதாய்ப் போயிற்று. அந்தப் போகம் நெடுந்துறையில் ஒருபடி நெல்கூட வீடு வந்து சேரவில்லை. தச்சுக்காரிக்குத் தங்கக் காப்புக் கொடுத்த ராஜாவின் தாராள மனசைத்தான் புலவர்கள் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறார்கள்.