ஜப்ரா வளைவு

கல் ஒன்று அறுபத்திரண்டு வருஷமாக வழியில் கிடந்தது. சும்மா கிடந்தால் யாருக்கு என்ன வந்தது? ஒரு குடும்பத்து மானத்தின் மேல் அல்லவா அது ஏறி உட்கார்ந்திருந்தது!

நாகாலாந்து மலைகளில் ஸெலுமா என்று ஓர் ஊர். ஊர் உச்சியில், ஆறு கீழே. ஊருக்கே விருந்து வைத்துப் பேர் வாங்கிய குடும்பத்துக்காக, ஆற்றங்கரையிலிருந்து ஆளுயரக் கல் ஒன்றைக் காட்டுக்கொடியில் முறுக்கிய கயிறு கட்டி இழுத்து வந்து உச்சியில் நடுவது அங்கே வழக்கம். முன்னூறு பேர் இழுப்பார்கள். கல்லின் மேல் ஒருவர் நின்று கூவுவார். அவர் கூவினால்தான் கயிறு இறுகும்; எப்படி இழுப்பது என்பதும் அவர் சொல்படிதான். பொழுது சாய்வதற்குள் கல் மேலே வந்து சேர வேண்டும். வராவிட்டால் நின்ற இடத்தில் நின்றதுதான். கூவியவரின் பேர் அந்த இடத்துக்கு ஒட்டிக்கொள்ளும்.

அப்படி ஒட்டிக்கொண்ட பேர்தான் ஜப்ரா வளைவு. பாதி மலையில், பாதை முழங்கையாக மடங்கும் இடம். சந்தைக்குப் போகிற பெண்கள் கூடையை இறக்கிவைத்து, "ஜப்ராவே உட்கார்ந்த இடம், நாமளும் கொஞ்சம் உட்காருவோம்" என்பார்கள். ஜப்ராவின் மகன் இதைக் கேட்டுக் கேட்டே கிழவனாகிச் செத்துப்போனார். பேரன் கெவிலேக்கு இப்போது ஐம்பத்துமூன்று வயது. போன மாதம் அவர் மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள், "பாதியிலே விடுற வீடாச்சே!" என்று சிரித்தார்கள். விளையாட்டுக்குத்தான் சொன்னார்கள். கெவிலேக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

நின்றுபோன கல்லை மறுபடி இழுக்க ஒரே வழிதான் உண்டு. நிறுத்தியவரின் ரத்தத்தில் வந்தவர் கூவ வேண்டும். அதுவும் ஒரே ஒரு நாள். அன்றைக்கும் தவறினால் அப்புறம் எவரும் அந்தக் கல்லைத் தொடக் கூடாது.

கெவிலே ஊர்ச்சபையின் முன்னால் போய் நின்றார்.

"நான் கூவுறேன்."

சபைத் தலைவர் பெசாயி அவரை மேலும் கீழும் பார்த்தார். "தெரியுமா உனக்கு? முதல்ல வில்ஹோகிட்ட போய்க் கத்துக்கிட்டு வா."

இங்கேதான் சிக்கல். கெவிலே இருபத்தைந்து வருஷமாகச் சர்ச்சில் பாட்டுக்குழுவின் மாஸ்டர். நாற்பது குரல்கள் அவர் கையசைவுக்குக் கட்டுப்பட்டவை. வில்ஹோ, ஊருக்கும் டவுனுக்கும் சுமோ வண்டி ஓட்டுகிறவன். வயது முப்பத்துநான்கு. ஐந்து கல்லுக்குக் கூவியிருக்கிறான், ஐந்தும் உச்சியில் நிற்கின்றன. பன்னிரண்டு வயதில் பாட்டுக்குழுவில் சேர வந்த அவனை, "உனக்குத் தாளமே நிக்காது, வீட்டுக்குப் போ" என்று விரட்டிவிட்டவர் சாட்சாத் கெவிலேதான்.

மனுஷர் வெட்கத்தை மென்று விழுங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனார். வில்ஹோ பன்றிக்குத் தீனி கலக்கிக்கொண்டிருந்தான்.

"வாங்க மாஸ்டர்."

"இனிமே நீங்கதான் எனக்கு... ஆசான்."

"ஐயோ, வேண்டாம்! உங்களை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டா எங்கம்மா விளக்குமாத்தைத் தூக்கிடுவாங்க. நீங்க மாஸ்டராவே இருங்க. நான் சொல்லித்தர்றேன்."

சொல்லித்தர அதிகம் இல்லை. கூவுகிறவர், "ஓ... ஹோ!" என்பார். இழுப்பவர்கள், "ஹேய்!" என்பார்கள். கெவிலே கால் மணி நேரத்தில் பிடித்துக்கொண்டார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"கூவுறவனோட வேலை என்ன, அதைச் சொல்லுங்க."

"அன்னிக்குச் சொல்றேன் மாஸ்டர்."

மறுநாளும் கேட்டார். அதே பதில். ஒரு மாதம் கேட்டார். அதே பதில். தாளம் வராதவனிடம் வேறென்ன கிடைக்கும் என்று கெவிலே தானே முடிவு கட்டிக்கொண்டு, இஞ்சியும் தேனும் தின்று குரலைத் தீட்டிக்கொண்டார்.

நாள் வந்தது. ஜனவரிக் குளிர். போதகர் ஜெபம் செய்தார். பெரிய அண்டாவில் கறுப்புத் தேநீர் கொதித்தது. மூங்கில் குவளைகளில் வேறொன்றும் போனது, அதையும் தேநீர் என்றே சொன்னார்கள். பாசி பிடித்த கல்லைக் கடப்பாரையால் நெம்பி மரச்சறுக்கில் ஏற்றினார்கள். கொடிக்கயிறு மலைப்பாதையில் நீண்டு, வளைவைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாமல் மேலே போனது. முன்னூறு பேர் கயிற்றின் இரு பக்கமும் நின்றார்கள். இந்தக் காலத்தில் பெண்களும் கயிறு பிடிக்கிறார்கள்.

கெவிலே கல்லின் மேல் ஏறினார். பாட்டுக்குழுவின் முன்னால் நிற்கிற மாதிரியே நிமிர்ந்து நின்றார். கையை உயர்த்தினார்.

"ஓ... ஹோ!"

அடேயப்பா, என்ன குரல்! எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது. முன்னால் நின்றவர்கள், "ஹேய்!" என்று சாய்ந்து இழுத்தார்கள். கயிறு துடித்தது. கல் அசையவில்லை.

கையை வீசினார். மறுபடி கூவினார். மறுபடி, மறுபடி. கல் ஒரு சாண் ஏறும், ஒன்றரைச் சாண் சறுக்கும்.

மதியம் ஆனது. அவர் தாளத்தை முடுக்கினார். கல் இன்னும் மோசமாகச் சறுக்கியது. நாகாலாந்தில் குளிர்காலத்துச் சூரியனுக்கு அவசரம் ஜாஸ்தி, நாலரைக்கெல்லாம் இறங்கிவிடும். மணி இரண்டரை ஆகியிருந்தது. கெவிலேயின் தொண்டை கிழிந்துவிட்டது. பெசாயி கண்ணுக்கு மேல் கையை வைத்து மேற்கே பார்த்தார். கயிற்றில் யாரோ, "தாத்தா மாதிரியேதான்" என்றது கெவிலேயின் காதில் தெளிவாக விழுந்தது.

வில்ஹோ ஒரு பாறை மேல் குந்தி, பாக்கு மென்றுகொண்டிருந்தான்.

கெவிலேக்கு மரியாதையெல்லாம் பறந்துபோனது. "என்னடா வேடிக்கை பார்த்துக்கிட்டு இருக்கே! என் குடும்பமே இங்க தொங்குது! சொல்லித் தொலையேன்!"

"இறங்கி வாங்க மாஸ்டர்."

"நேரம் போகுது!"

"அதனாலதான் சொல்றேன். இறங்குங்க."

கெவிலே இறங்கினார். வில்ஹோ கயிற்றின் ஓரமாகவே மேலே நடந்தான். கெவிலே பின்னால் போனார். வியர்த்த முகங்கள், கொப்புளம் கண்ட உள்ளங்கைகள் எல்லாவற்றையும் தாண்டிப் போனார். யாரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. வளைவைக் கடந்தார்கள். அங்கே காற்று காதைப் பிய்த்தது. இன்னும் நூறடி நடந்தால் கயிற்றின் தலைப்பு. அங்கே நின்றது தினுவோ, சந்தையில் கீரையும் மீனும் விற்பவள்.

"மாஸ்டர், நீங்க இங்க என்ன பண்றீங்க? கல்லு மேல யாரு?"

வில்ஹோ கெவிலேயின் கைகளைப் பிடித்துக் கயிற்றின் மேல் வைத்தான்.

"தினுவோ, மாஸ்டர் கூவுறது இங்க எப்படிக் கேக்குது?"

"கூவுறாரா?" என்றாள் அவள். "இங்க காத்துச் சத்தம்தான் கேக்குது. கயிறு வெடுக்குன்னு இழுக்கும். ஓஹோ, கூவிட்டார் போலன்னு நாங்களும் இழுப்போம். நாங்க இழுக்கிறப்போ கீழே விட்டுடுறாங்க. காலையிலேருந்து இதே கூத்துதான்."

கெவிலே கயிற்றைப் பார்த்தபடி நின்றார். காலையிலிருந்து முன்னூறு பேரும் ஒன்றாகச் சேர்ந்து இழுக்கவேயில்லை. நூறு நூறாகத் தனித்தனியே இழுத்து மாய்ந்திருக்கிறார்கள். பாட்டுக்குழுவில் நாற்பது பேரும் அவர் விரலைப் பார்த்துப் பாடுவார்கள். இங்கே அவர் விரலைப் பார்த்தது முன்வரிசை மட்டும்தான்.

"இன்னும் சத்தமாக் கூவணுமா?"

"இல்லை மாஸ்டர்."

"நான் இங்க வந்து நின்னு கூவட்டுமா?"

"அப்போ அங்க கேக்காது."

"அப்போ என்னதான் செய்யறது?"

"இங்கே தினுவோ தயார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவ சொன்னாத்தான் தெரியும்."

வில்ஹோ பாக்கைத் துப்பிவிட்டுக் கீழே இறங்க ஆரம்பித்தான்.

கெவிலே அவனுக்கு முன்னால் ஓடினார். ஐம்பத்துமூன்று வயது மனுஷர், கல்லும் சரளையும் தெறிக்க ஓடினார். ஓடும்போதே ஒவ்வொரு வரிசையிடமும் கெஞ்சினார். "நான் கூவினதும் இழுக்காதீங்க. கூவலை மேல அனுப்புங்க. மேலேருந்து 'ஹேய்' வரும். அது உங்ககிட்ட வந்ததும் சாய்ஞ்சு பிடிங்க, பிடிச்சதை விடாதீங்க."

கல்லின் மேல் ஏறினார்.

"ஓ... ஹோ!"

குரல் கிழிந்த துணியாக வந்தது. போதும். முதல் வரிசை வாங்கி இரண்டாவதுக்குக் கொடுத்தது. அது மூன்றாவதுக்கு. "ஓ ஹோ" மலையேறிப் போய் வளைவில் மறைந்தது.

அப்புறம் ஒன்றுமில்லை.

பாட்டுக்குழுவில் இப்படி ஒரு நிசப்தம் விழுந்தால் யாரோ தப்பு செய்துவிட்டார்கள் என்று அர்த்தம். இருபத்தைந்து வருஷப் பழக்கம், கெவிலேயின் வலது கை தானாக உயர்ந்தது. இடது கையால் அதைப் பிடித்துக் கீழே அழுத்திக்கொண்டார். மேற்கே வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தார். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"ஹேய்!"

அதற்கு அடுத்த வரிசை. அதற்கும் அடுத்தது. ஹேய், ஹேய் என்று இறங்கி வந்தது. வர வரக் கயிறு ஒவ்வொரு முழமாக விறைத்தது. கடைசியாக, கெவிலேயின் காலடியில் நின்ற இரண்டு பேர் "ஹேய்!" என்றார்கள்.

கல் உறுமியது. நகர்ந்தது. ஒரு முழம்!

ஊரே கத்திவிட்டது. கெவிலே கத்தவில்லை. கல்லை விட்டுக் குதித்தார். தன் பாரமும் சேர்ந்துதானே காலையிலிருந்து இழுபட்டது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பக்கவாட்டில் நின்றே கூவினார். காத்திருந்தார். ஹேய் வந்தது. ஒன்றரை முழம். கூவினார், காத்திருந்தார். இரண்டு முழம். அறுபத்திரண்டு வருஷம் குந்தியிருந்த கல், வளைவை உரசிக்கொண்டு திரும்பியது. அதற்குமேல் அதைப் பிடிக்க ஆளில்லை. சரிவில் ஏறுகிற எருமை மாதிரி மூசுமூசென்று ஏறியது. வீட்டில் படுத்துக் கிடந்தவர்கள்கூட எழுந்துவந்து கயிற்றில் கை வைத்தார்கள். பெண் கேட்டு வந்த வீட்டாரும் கயிற்றில் இருந்தார்கள். மாப்பிள்ளைப் பையனின் அப்பாவுக்குக் கத்திக் கத்திக் குரலே போய்விட்டது.

சூரியனின் கடைசிக் கீற்று மலைமுகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தபோது கல் உச்சிக்கு வந்தது. குழியில் இறக்கி நிமிர்த்தினார்கள். நாட்டுத் துப்பாக்கிகளை வானத்தைப் பார்த்து வெடித்தார்கள். பெசாயி தொண்டையைக் கனைத்துக்கொண்டு அறிவித்தார்.

"இன்னியிலேருந்து கீழே இருக்கிறது வெறும் வளைவு. அதுக்குப் பேர் கிடையாது!"

ஆரவாரம் அடங்க வெகுநேரம் ஆனது. கெவிலேயைத் தோளில் தூக்கினார்கள், இறக்கினார்கள், மறுபடி தூக்கினார்கள். மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவர் சிரித்தார், அழுதார், இரண்டையும் சேர்த்தே செய்தார்.

கூட்டம் விருந்துப் பக்கம் நகர்ந்த பிறகு அவர் கல்லின் மேல் உள்ளங்கையை வைத்து நின்றார். பகலெல்லாம் வெயில் பட்ட கல் இன்னும் இளஞ்சூடாக இருந்தது. வில்ஹோ பக்கத்தில் வந்து நின்றான்.

"ஆசானே," என்றார் கெவிலே. இந்தத் தடவை அந்தச் சொல் தடுக்காமல் வந்தது. "ஜெயிச்சாச்சு. ஆனாலும் ஒரு குறை. எங்க தாத்தாவும் இதே கூவலைத்தான் கூவினார். பாவம் மனுஷன், அவருக்கு மட்டும் யாரும் பதில் சொல்லலை."

வில்ஹோ திரும்பி, கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தான்.

"சொல்லியாச்சே மாஸ்டர். வளைவு கொஞ்சம் பெருசு. அதான் வந்து சேர இவ்வளவு நேரமாச்சு."