நகம் வைக்கும் நேரம்

“எனக்கு எப்பத்தான் நகம் வெப்பீங்க, அம்மிணி?” என்று நாச்சிமுத்து கேட்டான்.

இந்திராணி ஒரு பழைய கார் கதவை மடியில் சாய்த்து மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

“நீங்க கேக்கறப்ப வெப்பேனுங்ணா.”

“இப்பவும் கேட்டுட்டுத்தான இருக்கேன்?”

“இல்லீங்ணா.”

அவ்வளவுதான் பதில். மறுபடி மெழுகுக்குப் போய்விட்டாள்.

நீலாம்பூர் பைபாஸ் ஓரத்தில் இருக்கிறது இந்திராணியின் கடை. அங்கே கார்கள் சட்டை போட்டுக்கொள்ள வரும். கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய ஃபிலிமை பெயிண்டின் மேல் ஒட்டி அனுப்புவாள். அதன் பிறகு லாரி தெறிக்கும் கல், காக்காய் எச்சம், பக்கத்து வீட்டுக்காரரின் வயிற்றெரிச்சல் எல்லாம் ஃபிலிமோடு நின்றுவிடும். மெழுகு கடைசியில்தான், ஃபிலிமுக்கு மேலே.

வேலை முடிந்ததும் சுண்டுவிரல் நகத்தை ஃபிலிமின் ஓரத்தில் வைத்து ஒரு சுற்று இழுத்துக்கொண்டு போவாள். நகம் எங்கேயும் மாட்டக்கூடாது. அதற்கென்றே அந்த ஒரு நகத்தை மட்டும் வளர்த்து வைத்திருந்தாள்.

ஒருவர் தனியாக ஃபிலிம் ஒட்டிய பானட்டில், அதாவது காரின் முன்மூடியில், அவள் நகம் வைத்துவிட்டால், அவர் போய்த் தனிக் கடை போடலாம். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் அவளிடம் தொழில் கற்றவர்கள் எல்லோரும் அந்த நகத்துக்குக் காத்திருந்து, அதை வாங்கிக்கொண்டுதான் போனார்கள். கடையில் எல்லோரும் அவளைக் குரு என்று கூப்பிட்டார்கள். நாச்சிமுத்து மட்டும் அம்மிணி என்பான். அவளைவிட வயதில் மூத்தவன், ஏற்கெனவே பட்டறையில் பெயிண்டராக இருந்து பேர் வாங்கியவன். அவனுக்குக் குரு என்று வாய் வரவில்லை.

அவன் கையில் குறை சொல்ல முடியாது. வாயில் ஒரு வார்த்தை இருந்தது.

“அண்ணா, ஓரத்துல தண்ணி தேங்குச்சுன்னா...”

“தெரியும் அம்மிணி.”

“லைட்டைக் கீழ வெச்சுப் பாத்தாத்தான் தூசி...”

“தெரியும் அம்மிணி.”

சும்மா சொல்லக்கூடாது, பெரும்பாலும் அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. அதுதான் சங்கடமே.

*

நாச்சிமுத்துவின் தங்கை துளசிமணியை சூலூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள் வீட்டுக்காரர் கிட்டுசாமி, தறிக்காரர். கை நிறையக் காசு, வாய் நிறையப் பேச்சு. எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் நாலு பேர் முன்னால் கேட்பார்: “ஏனுங் மச்சான், இன்னும் அந்தம்மாகிட்டயேதான் வேலையா?”

நாச்சிமுத்து சிரித்து வைப்பான். பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிடுவான்.

அந்தக் கிட்டுசாமி கறுப்பு நிறத்தில் ஒரு பெரிய கார் வாங்கினார். வாங்கிய கையோடு போனில் கூப்பிட்டார்.

“பானட்டுக்கு நீங்களே ஃபிலிம் ஒட்டுங்க மச்சான். வேற ஆள் கை வெக்கப்படாது. வேலை சுத்தமா இருந்தா, நம்ம பில்டிங்ல ரோட்டைப் பாத்த கடை உங்களுக்குத்தான். இல்லாட்டி பேக்கரிக்காரன் கேட்டுட்டு இருக்கான், அவனுக்குக் கொடுத்துருவேன்.”

நாச்சிமுத்து அன்றைக்கே கடைக்குப் பெயர் யோசிக்க ஆரம்பித்துவிட்டான்.

“நீங்க தனியாவே ஒட்டுங்ணா” என்றாள் இந்திராணி. “முடிச்சுட்டுக் கூப்பிடுங்க.”

*

கிட்டுசாமி காலையிலேயே காரைக் கொண்டுவந்து விட்டார். சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார். கறுப்பு என்றால் அப்படியொரு கறுப்பு. நாச்சிமுத்து குனிந்தபோது மூக்கில் இருந்த மரு வரைக்கும் பானட்டில் தெரிந்தது.

ஃபிலிம் வேலை நடக்கும் அறைக்குள் யாரும் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் துளசிமணி கடை நம்பருக்கே அடித்தாள். இந்திராணி எடுத்துப் பேசிவிட்டு உள்ளே வந்தாள். நாச்சிமுத்து அப்போதுதான் காரைக் கழுவுவதற்கு ஹோஸைக் கையில் எடுத்திருந்தான்.

“அண்ணா, உங்க தங்கச்சி போன் பண்ணுச்சுங்க. உங்க மாப்பிள்ளை நேத்து வண்டிய...”

“தெரியும் அம்மிணி. யாரையும் தொட விட்டிருக்க மாட்டாரு. ஒரு கீறல் விழுந்தாலும் குதிப்பாரு.”

“அதில்லீங்ணா. அவரே துணியை எடுத்து...”

“தெரியும் அம்மிணி. துணியெல்லாம் புதுசுதான், பிரிச்சு வெச்சுட்டேன்.”

“மெழுகு...”

“மெழுகு கடைசீலதான். எனக்குத் தெரியாதா அம்மிணி?”

இந்திராணி வெளியே போய் டீ சொன்னாள்.

இதைக் கேட்கிற சிலர், “அவள் முழுசாகச் சொல்லித் தொலைத்திருக்கலாமே?” என்று கோபித்துக்கொள்கிறார்கள். அவர்கள் மறுபடி எண்ணிப் பார்க்கட்டும். அவள் மூன்று தடவை சொன்னாள்.

*

கழுவியபோது தண்ணீர் பானட்டில் முத்து முத்தாக உருண்டு ஓடியது.

“புது வண்டி பெயிண்ட்டுன்னா இப்படித்தான் இருக்கோணும்” என்று அவன் சத்தமாகவே சொன்னான்.

சோப்புத் தண்ணீர் அடித்து, ஃபிலிமை விரித்து, பானட்டின் மேல் மிதக்க விட்டான். ரப்பர்ப் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினான். ஒரு குமிழி இல்லை, ஒரு தூசி இல்லை. வாசலில் நின்று பார்த்த மற்ற வேலைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்கள். அவ்வளவு அழகான கை.

பிறகு ஓரத்தை மடித்தான். மடித்த ஓரம் எழுந்துகொண்டது.

சூடு காட்டி அழுத்தினான். படுத்தது. கையை எடுத்தான். எழுந்தது.

இந்தப் பக்கம் படுக்க வைத்தால் அந்தப் பக்கம் எழுந்தது. அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம். தொட்டிலில் போட்ட பிள்ளை மாதிரி, இவன் நகர்ந்த உடனே விழித்துக்கொண்டது. மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட அவன் போகவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, ஃபிலிம்தான் எதிலும் ஒட்டவில்லை.

கடைசியில் வெளியே வந்தான்.

“இந்த ரோல் சரியில்ல அம்மிணி.”

“அப்படீங்களா?”

“பசையே இல்ல. வித்தவனைக் கூப்பிட்டுக் கேளுங்க.”

இந்திராணி எழுந்து உள்ளே வந்தாள். சுண்டுவிரலைப் பானட்டின் ஓரத்தில் வைத்தாள். நகத்தோடு சேர்ந்து விரலே ஃபிலிமுக்கு அடியில் போய்விட்டது.

“நகம் கேட்டீங்க. விரலே உள்ள போவுதுங்ணா.”

யாரும் சிரிக்கவில்லை.

“சாயங்காலம் அவரு வந்துருவாரு” என்றான் நாச்சிமுத்து. “இந்த மூஞ்சிய வெச்சுட்டு அவரு முன்னால எப்படி நிப்பேன்? துளசி முன்னால எப்படி நிப்பேன்?”

இந்திராணி ஒரு மூலையைப் பிடித்து இழுத்தாள். ஃபிலிம் முழுசும் கையோடு வந்துவிட்டது. கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டாள்.

பிறகு ஒரு மக்கில் தண்ணீர் மொண்டுவந்து பானட்டின் நடுவில் ஊற்றினாள்.

தண்ணீர் முத்து முத்தாக உருண்டது. உருண்டு, ஓரத்துக்குப் போய், தரையில் விழுந்தது. பானட்டில் ஈரம்கூட மிச்சமில்லை.

இன்னொரு மக் கொண்டுவந்து ஊற்றினாள். அதுவும் உருண்டு ஓடியது.

“நானும் ஊத்திட்டே இருக்கேன்” என்றாள். “அது என்ன சொல்லுதுங்ணா?”

நாச்சிமுத்து பானட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். காலையில் பாதியில் அறுபட்டுப்போன வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டன. உங்க மாப்பிள்ளை நேத்து வண்டிய. அவரே துணியை எடுத்து. மெழுகு.

மெழுகின் மேல் தண்ணீரும் நிற்காது, ஃபிலிமும் ஒட்டாது.

“சொல்லுங்ணா. என்ன சொல்லுது?”

“‘தெரியும் அம்மிணி’ங்குது” என்றான்.

இந்திராணி அப்போதுதான் சிரித்தாள். அவனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“மெழுகை எப்படி எடுக்கறதுங்க, குரு?”

அது அவனுக்கு நன்றாகவே தெரிந்த விஷயம். எத்தனையோ வண்டிகளுக்கு எடுத்திருக்கிறான்.

இந்திராணி முதலிலிருந்து சொன்னாள். சோப்புப் போட்டுக் கழுவுவது, ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பது, ஒரு தடவை துடைத்த துணிப் பக்கத்தை மறுபடி பெயிண்டில் வைக்காமல் திருப்பிக்கொள்வது. கடைசியில் தண்ணீர் ஊற்றினால் அது உருண்டு ஓடாமல் படர்ந்து நிற்க வேண்டும் என்பது. சொல்லி முடிக்கும் வரை அவன் வாயைத் திறக்கவில்லை. துணியைத் திருப்புகிற விஷயம் அவனுக்குப் புதிது.

அவள் புது ஃபிலிமை எடுத்துக் கொடுத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தாள்.

*

வெயில் இறங்கும்போது கிட்டுசாமி வந்தார். கூடத் துளசிமணியும் வந்தாள். வந்ததும் வராததுமாக அண்ணன் முகத்தைத்தான் பார்த்தாள்.

ஃபிலிம் ஒட்டி, ஓரம் மடித்து, அதற்கு மேல் மெழுகும் போட்டு கார் வெளியே நின்றது. சாலையில் போகிற லாரிகள் எல்லாம் அந்தப் பானட்டில் தலைகீழாகப் போய்க்கொண்டிருந்தன. அதை இந்திராணி இன்னும் பார்க்கவே இல்லை. தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

கிட்டுசாமி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தொட்டுப் பார்த்தார். குனிந்து மீசையைச் சரிசெய்துகொண்டார்.

“பாத்தீங்களா மச்சான், என்னமா மின்னுது! இது எப்படின்னு நெனைக்கறீங்க? நேத்து நான் ஒரு வேலை பண்ணினேன்...”

துளசிமணி சட்டென்று அண்ணனைப் பார்த்தாள். கடை வாசலில் நின்ற வேலைக்காரர்களும் பார்த்தார்கள்.

நாச்சிமுத்துவுக்குத் தெரியும். அவர் என்ன பண்ணினார் என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் அன்றைக்கு உலகத்தில் யாரும் இல்லை. வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.

“சொல்லுங்க மாப்ளே” என்றான்.

கிட்டுசாமிக்கு உற்சாகம் தாங்கவில்லை. கடையில் மெழுகு டப்பா வாங்கியது, பனியன் துணியைக் கிழித்தது, துளசிமணி வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் பானட்டில் ரெண்டு கை போட்டது, தோள்பட்டை இன்னும் வலிப்பது என்று எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொல்ல ஆரம்பித்தார்.

இந்திராணி நாற்காலியை விட்டு எழுந்தாள். காரின் மறுபக்கம் வந்து, சுண்டுவிரல் நகத்தைப் பானட்டின் ஓரத்தில் வைத்து மெல்ல இழுத்துக்கொண்டு நடந்தாள்.

கடை வாசலில் நின்றவர்கள் எல்லோரும் அந்த நகத்தையே பார்த்தார்கள். அது எங்கேயும் மாட்டவில்லை.

நாச்சிமுத்து திரும்பவில்லை. கேட்டுக்கொண்டிருந்தான்.