கீழத்தெரு முனையில் காத்திருந்த நாதர்

கொன்றைமங்கலத்தில் கோயில் கொண்டிருக்கும் வயல்காத்த நாதருக்கு வீதிகள் நான்கு. அந்த நான்கையும் பெருக்கும் பேறு காத்தாயி அம்மையாருக்கு வாய்த்திருந்தது. பேறு என்று சொல்வது நாம்தான். ஊரார் அவரைக் குப்பைக்காரி என்று கூப்பிட்டார்கள். விடியும் நேரத்தில் விளக்குமாற்றோடு தெற்கு வீதி முனையில் வந்து நிற்பார். கோபுரத்தைக் கும்பிடுவார். "சாமி, நீ வர்ற எடம், நான் கூட்டுறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் குனிவார்.

வீதியில் ஒரு முள் கிடந்தாலும் அது சுவாமியின் காலில் தைக்கும் என்று அம்மையார் நம்பினார். பல்லக்கில் போகிறவர் காலில் முள் எப்படித் தைக்கும் என்று கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. அம்மையாரும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பார். மறுநாளும் முள்ளைப் பொறுக்குவார்.

அவர் குடியிருந்தது கீழத்தெருவில். கிழக்கு வீதியிலிருந்து பிரிந்து வாய்க்கால் கரையில் போய் முடிகிற தெரு அது. திருவிழாக் காலங்களில் சுவாமி அந்தத் தெருமுனை வரைக்கும் வருவார், அங்கே திரும்பிவிடுவார். கேட்டால் வழக்கம் என்பார்கள், நான்கு வீதிகளிலும் குடியிருக்கும் வீதிக்காரர்கள். வழக்கம் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஆண்டவனையே தெருமுனையில் நிறுத்திவிட்டார்கள், பாருங்கள்.

அது யார் வைத்த வழக்கம் என்று முதன்முதலில் கேட்டது கீழத்தெரு மக்கள் உரிமைச் சங்கம். தெரு தொடங்கும் இடத்தில் ஒரு தகரக் கொட்டகை, உள்ளே இரண்டு பெஞ்சுகள். சங்கத்தின் சொத்து அவ்வளவுதான். அந்தச் சங்கத்தார் அலைந்து அலைந்துதான் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வந்தது, விளக்கு வந்தது, பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். செயலாளர் ஞானப்பிரகாசம் தையற்காரர். ஞாயிற்றுக்கிழமைதோறும் மாதா கோயிலுக்குப் போகிறவர். "சிவன் உங்க தெருவுக்கு வந்தா உனக்கென்னய்யா?" என்று வீதிக்காரர்கள் அவரைக் கிண்டல் செய்தார்கள். "வரக்கூடாதுங்கிறது எனக்கும் சேர்த்துச் சொன்னதுதானேய்யா" என்றார் அவர்.

சுவாமி வர வேண்டும் என்று சங்கத்தார் முதல்முறை கேட்ட ஆண்டு தெருமுனையில் கல் விழுந்தது. அந்தக் கல்வீச்சில் அம்மையாரின் கணவர் பக்கிரியார் இடுப்பு முறிந்து விழுந்தார். கட்டிலோடு அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனது சங்கம். அம்மையார் வீதி கூட்டப் போகிற வேளையில் முறைபோட்டு அவருக்குக் கஞ்சி ஊட்டியதும் சங்கம். பக்கிரியார் பிறகு எழுந்திருக்கவே இல்லை. படுத்தபடி மனைவியிடம் ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்: "சாமி நம்ம தெருவுக்கு வந்தா என்னையத் தூக்கி வாசல்ல வச்சிரு. கிட்டக்கப் பாக்கணும்." அம்மையாருக்கு அழுகை வரும். நான்கு வீதியைக் கூட்டத் தெரிந்தவருக்குச் சுவாமியை ஒரு தெரு திருப்பத் தெரியவில்லையே.

பிறகு பேச்சுவார்த்தைகள் நடந்தன. முறிந்தன. மறுபடியும் நடந்தன. கடைசியில் அதிகாரிகள் முன்னிலையில் வீதிக்காரர்கள் இறங்கி வந்தார்கள். மார்கழித் திருவாதிரைப் புறப்பாட்டில் சுவாமி கீழத்தெருவுக்குள் வருவார். ஆனால் எந்தக் காரணத்தாலாவது அன்று வர முடியாமல் போனால், சங்கம் இனி இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது. இடக்கான நிபந்தனைதான். வேறு வழியில்லாமல் சங்கத்தார் தலையாட்டினார்கள்.

திருவாதிரையன்று காலை தெருவே குளித்து நின்றது. வாசலுக்கு வாசல் மாக்கோலம், குத்துவிளக்கு. கிழக்கு வீதியில் மேளச் சத்தம் கேட்டதும் அம்மையார் கணவரைத் தூக்கிவிட உள்ளே போனார். "எந்திரிங்க, சாமி வந்துட்டாரு" என்று தோளைத் தொட்டார். தோள் சில்லென்று இருந்தது. மூக்கருகே கை வைத்துப் பார்த்தார். பக்கிரியார் போய்விட்டிருந்தார்.

சவம் கிடக்கும் தெருவுக்குள் சுவாமி வரமாட்டார். ஊரில் குழந்தைக்கும் தெரிந்த விதி அது.

அம்மையார் வாசலுக்கு வந்து ஞானப்பிரகாசத்திடம் சொன்னார். அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். அழுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு ராக்கம்மாள் அம்மையாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்ச நேரம் கதவைச் சாத்தி வையி காத்தாயி. சாமி வந்துட்டுப் போயிரட்டும். அப்பறம் அழுதுக்கலாம்" என்றார். அதில் வஞ்சகம் எதுவும் இல்லை. ஒரு தெருவின் ஆயுசு முழுக்க ஏங்கிய ஏக்கம்தான் இருந்தது.

"நீங்க சொல்றதுதான் அக்கா. எதுவானாலும் சங்கம் ஒங்களோட நிக்கும்" என்றார் ஞானப்பிரகாசம்.

"எல்லார்கிட்டயும் மறைக்கலாம் தம்பி. வர்றவருகிட்ட எப்புடி மறைக்கிறது?" என்றார் அம்மையார்.

தெருமுனைக்கு அவரே நடந்து போனார். பல்லக்கு எதிரே வந்து நின்றது. இத்தனை கிட்டத்தில் சுவாமியை அவர் பார்த்ததே இல்லை. அப்போதும் நிமிர்ந்து பார்க்க மனம் வரவில்லை. "சாமி, எங்க தெருவுல சாவு விழுந்துபோச்சு. எங்க வீட்டுக்காரருதான்" என்று பல்லக்கோடு வந்த சபேச குருக்களிடம் சொன்னார். தெரு மொத்தமும் ஆசைப்பட்டதைத் தம் வாயாலேயே கெடுத்தாயிற்று என்று அவருக்குத் தோன்றியது. அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

வீதிக்காரர்களில் ஒருவர், "சாமிக்கே இஷ்டமில்ல, பாத்துக்குங்க. திருப்புங்கய்யா பல்லக்கை" என்றார்.

குருக்கள் வயதானவர், யாரோடும் சண்டைக்குப் போகாதவர். அன்று என்ன நேர்ந்ததோ, பல்லக்கின் முன்கொம்பைப் பிடித்துக்கொண்டார். "சவம் இருக்கற தெருவுக்குள்ள சுவாமி போகப்படாது. அது சாஸ்திரம். எடுத்தப்பறம் போகலாம். அதுவும் சாஸ்திரந்தான். அதுவரைக்கும் இங்கேயே இருப்பார்."

"அதுக்கு எத்தனை நேரம் ஆகும் சாமி?"

"ஆகட்டுமே. அவருக்கு வேற என்ன ஜோலி?"

வீதிக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தார்கள். பல்லக்கைத் தாங்குகட்டைகளில் நிறுத்திவிட்டு, சுமந்து வந்தவர்கள் நிழலில் ஒதுங்கினார்கள். கூலிக்காரன் ஒருவனின் பாடை எழும்பட்டும் என்று வெயிலில் காத்திருந்தார், ஊரைக் காக்கிற நாதர்.

ஆனால் கீழத்தெருச் சவங்கள் கிழக்கு வீதி வழியாகப் போகக்கூடாது என்று இன்னொரு வழக்கமும் இருந்ததே. கொல்லைப்புறமாக இறங்கி வாய்க்காலைக் கடந்துதான் சுடுகாடு. மார்கழியில் வாய்க்கால் நிறைந்து ஓடியது. சங்கத்து ஆண்கள் அத்தனை பேரும் மார்பளவுத் தண்ணீரில் இறங்கி, பாடை நனையாமல் தலைக்கு மேலே தூக்கிப் போனார்கள். கொல்லையோடு நின்றுவிட்ட அம்மையார் அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். "முன்வாசல்ல அவரு வந்து நிக்கிறாரு. நீங்க பின்வாசல்ல போறீங்களே" என்று சொல்லிச் சொல்லி அழுதார். அந்த அழுகைக்கு என்ன ஆறுதல் சொல்வது? இதை எழுதுகிற நமக்கும் தெரியவில்லை.

பாடை அக்கரை ஏறியது. பெண்கள் தெருவைக் கழுவிவிட்டார்கள். மேளம் முழங்க, வயல்காத்த நாதர் முதன்முறையாகக் கீழத்தெருவுக்குள் எழுந்தருளினார்.

முதல் நிறுத்தம் சங்கக் கொட்டகை. சுவாமி மேல் சாத்திய பட்டுத்துணியைப் பரிவட்டமாகத் தலையில் கட்டி முதல் மரியாதை செய்ய வேண்டும். ஆனால் கட்டிக்கொள்ளத் தலை எங்கே இருக்கிறது? செயலாளர் முதற்கொண்டு எல்லோரும் சுடுகாட்டில் நின்றார்கள். குருக்கள் சற்றே யோசித்தார். பிறகு அந்தத் துணியைக் கொட்டகையின் வாசல் காலிலேயே கட்டினார். சங்கத்தின் பெயரைச் சொல்லி, கோத்திரம் தெரியாதவர்களுக்குச் சொல்வதுபோல் சிவகோத்திரம் என்று சேர்த்து அர்ச்சனை செய்தார். பெஞ்சுகள் கிடந்த அந்தக் காலிக் கொட்டகைக்குத் தீபாராதனை நடந்தது.

"காத்தாயி எங்கே?" என்று கேட்டார் குருக்கள்.

"தீட்டுங்க சாமி. வெளிய வரமாட்டா" என்றார் ராக்கம்மாள்.

"அவளுக்குத்தானே தீட்டு. இவருக்கென்ன?"

பல்லக்கு அம்மையாரின் குடிசை வாசலில் போய் நின்றது. சுவாமியின் முகம் கதவைப் பார்க்கும்படி திருப்பச் சொன்னார் குருக்கள். கதவு ஒருக்களித்திருந்தது. காலியான கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்த அம்மையார் தலையைத் தூக்கினார். வாசல் முழுக்கச் சுவாமிதான் நின்றிருந்தார்.

அம்மையார் கும்பிடவில்லை. "நேத்தே வந்திருக்கக் கூடாதா சாமி?" என்று கேட்டார்.

குருக்கள் பல்லக்கை எடுக்கச் சொல்லவில்லை. சுடுகாட்டுக்குப் போனவர்கள் ஈரத் துணியோடு திரும்பி வந்து, விலகி நின்று கைகூப்புகிற வரைக்கும் நாதர் அந்த வாசலை விட்டு நகரவில்லை.

பொய் சொல்லி அழைக்க மாட்டாத காத்தாயி அம்மையாரின் பாதங்களையும், தமக்கு வந்த மரியாதையை வாங்கிக்கொள்ளவும் நேரமில்லாமல் ஓர் ஏழையைச் சுமந்துபோன அந்தச் சங்கத்தாரின் தோள்களையும் நாம் நினைத்திருப்போமாக.